மூடிக்குக் கீழே காய்ந்த கண்ணாடி

எனக்கு மூக்கு நுனியில் கோபம். எங்கள் தீவில், கரம்பொனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2005ஆம் ஆண்டு, சோளகக் காற்று மண்ணை வாரியடிக்கும் மாதங்களில், அந்தக் கோபம் முழுவதும் ஒரு சின்னப் போத்தலின் மேல்தான் இருந்தது. அதற்குள் பொலிமர் தூள். வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ ஒருவருடைய பயணப்பெட்டியில், உடுப்புகளுக்கு நடுவே வந்து சேர்ந்த தூள். அதைக் கரைத்து, கண்ணாடித் துண்டில் மெல்லிய படலமாகப் பூசி, வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். பட்டணத்து ஆய்வுகூடத்தில் இரண்டு வருடமாக இதுதான் என் வேலை. நான் எடுத்த மின்சாரம் ஒரு நுளம்பைக்கூடத் திடுக்கிட வைக்காது.

ஆனாலும் விட மனமில்லை. எங்கள் பக்கத்துக்கு மின்கம்பி அப்போது முழுதாக வந்து சேரவில்லை. பாய் போலச் சுருட்டி எடுத்துப் போகக்கூடிய சோலர் தகடு ஒன்று வந்தால் அப்பாவின் வள்ளத்தில் ஒரு விளக்கு எரியும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தக் கிழமை இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. போத்தலில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் தூள் இருந்தது. மற்றது ஒரு கடிதம். புளியங்கூடலில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆசிரியர் நியமனம். திங்கட்கிழமை போய்ப் பொறுப்பேற்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"மாதா தந்த வேலை பிள்ளை. ரண்டு வருசமாக் கண்ணாடி துடைச்சது காணும்," என்றார் அம்மா.

அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கருவாடு போடுகிறவர். மாதச் சம்பளம் என்ற ஒன்று எங்கள் வீட்டுப் படலையைத் தாண்டி வந்ததே இல்லை. அம்மாவின் ஆசையில் ஒரு பிழையும் கிடையாது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை கடைசித் தூளைக் கரைத்தேன். என் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான சேர் எட்டிப் பார்த்தார். "இதிலையும் வரேல்லையெண்டால் விட்டிட்டு வேலையிலை சேரும். நான் குறை நினைக்கமாட்டன்," என்றார்.

பழைய கணினி ஒன்றின் காற்றாடியைக் கழற்றி நாங்களே செய்த சுழற்றி ஒன்று இருந்தது. அதில் கண்ணாடியை வைத்து, ஒரு துளி விட்டு, சுற்றவிட்டேன். பிறகு படலத்தைத் திறந்தபடியே சட்டென்று காயவிட வேண்டும். செய்முறையில் அப்படித்தான் இருந்தது. நானோ ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து அதன்மேல் கவிழ்த்துவிட்டுச் சோறு தின்னப் போய்விட்டேன்!

ஏன் என்று கேட்டால் என்ன சொல்ல? தீவில் சோளகம் வீசும் மாதங்களில் ஒரு கை எதையாவது வைத்தால் மறு கை மூடியைத் தேடும். கறி, தண்ணீர், தேத்தண்ணி, எதுவானாலும் மூடாமல் விட்டால் வாயில் மண் கடிபடும். மூடாமல் விட்டதற்கு நான் வாங்கிய அடிக்குக் கணக்கே இல்லை. என் கை தன்பாட்டில் மூடிவிட்டது.

"எடியே, உன்ரை கண்ணாடி இன்னும் ஈரமாக் கிடக்குது!" என்னோடு படித்த பட்டணத்துக்காரிதான் முதலில் கண்டாள். "தீவாருக்கு ஒண்டையும் மூடாமல் விட ஏலாதே? கண்ணாடிக்கும் மண் கடிபடுமெண்டு நினைச்சியோ?"

அவளை ஏசினேன். காற்றாடியை ஏசினேன். "எக்கேடெண்டாலும் கெட்டுப் போ" என்று கிண்ணத்தைத் திரும்பவும் கவிழ்த்துவிட்டு வெளியே போய்க் குந்தியிருந்து அழுதேன். கடைசித் தூள் ஐயா அது. என் இரண்டு வருடம்.

திரும்பி வந்து பார்த்தபோது படலம் காய்ந்திருந்தது. ஆனால் வழக்கமான செங்கல் நிறம் இல்லை. நாவற்பழம் போலக் கறுத்திருந்தது. பழுதாகிவிட்டது என்று எறியப் போனேன். சேர் வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படலத்தின்ரை பின்பக்கம் அலுமினியத்தைப் பூசிப் பாப்பம்."

பூசி, விளக்கின் கீழே வைத்து, கம்பிகளைக் கொழுவினோம். மீற்றரின் முள் இரண்டு வருடமாக நின்ற இடத்தைத் தாண்டிப் போய் நின்றது.

"ஒருக்கால் நடந்தால் அது தற்செயல். திருப்பிச் செய்யும்," என்றார் சேர்.

கரைத்த பாத்திரத்தின் அடியை வழித்ததில் இரண்டு துளி தேறியது. சனிக்கிழமை ஒன்றைத் திறந்து காயவிட்டேன், மற்றதை மூடிக் காயவிட்டேன். திறந்தது அதே செங்கல், அதே சோம்பல். மூடியது கறுத்தது, முள் பாய்ந்தது. பட்டணத்துக்காரியைக் கட்டிப்பிடித்தேன். "விடடி, மூச்சு முட்டுது!" என்று கத்தினாள்.

பூசை தொடங்கிய பிறகு மாதா கோயிலுக்குள் ஓடி வருகிறவர்கள் கண்ட இடத்தில் நெருக்கியடித்து நிற்பார்கள். நேரத்தோடு வந்தவர்களோ, ஒருவரும் சொல்லாமலே, மர வாங்குகளில் வரிசை வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். பொலிமரின் நீண்ட இழைகளும் அப்படித்தான். மெல்லக் காய்ந்தால் தாமாகவே அடுக்காகின்றன, மின்சாரம் நடந்து போக வழி கிடைக்கிறது. வெளிநாட்டிலும் இதைக் கண்டிருக்கிறார்கள் என்று பிறகு வாசித்தேன். அதனால் என் சந்தோசம் ஒரு துளியும் குறையவில்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, குசினியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மூடினதுக்கோ இவ்வளவு கூத்து?"

"ஓம் அம்மா, மூடினதுக்குத்தான்."

"அதை நானெல்லோ உனக்குப் பழக்கினனான்."

"ஓம்."

"அப்ப திங்கக்கிழமை?"

"நான் போகேல்லை அம்மா."

சண்டைக்கு ஆயத்தமாகத்தான் இருந்தேன். அம்மாவோ தேத்தண்ணி ஊற்றி என் முன்னால் வைத்தார். கதவால் சோளகம் அடித்தது, பக்கத்தில் மூடி இல்லை. மேசையில் கிடந்த நியமனக் கடிதத்தை எடுத்து, இரண்டாக மடித்துக் கோப்பையை மூடினார். பறக்காமல் இருக்க மேலே ஒரு கரண்டியும் வைத்தார்.

"ஆறுதலா, மெல்லக் குடி," என்றார்.