முப்பத்தொன்பதாயிரம் ரூபாய் ஸ்கூட்டரும் என் வீட்டு கிரிவலமும்

"முப்பத்தொம்பதாயிரம் சார்" என்று அந்த சேல்ஸ்மேன் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஜாஸ்தின்னு இல்லைங்க... கம்மின்னு! ஒரு ஸ்கூட்டர். புத்தம் புது எலக்ட்ரிக் ஸ்கூட்டர். என் மச்சான் போன தீபாவளிக்கு வாங்கின டி.வி.யே இதைவிட விலை ஜாஸ்தி. எப்படிங்க முடியும்? உள்ளே மோட்டார்தான் இருக்கா, இல்லை ஃபேன் ரெகுலேட்டரை மாட்டி வச்சிருக்காங்களா?

"இம்போர்ட்டட் சார்."

"எந்த ஊர்லேருந்து?"

"இம்போர்ட்டட் சார்."

அட்டைப் பெட்டி மேல இருந்த எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, சைனா. ஆனால் அந்த வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. அந்தக் காலத்துப் பொம்பளைங்க புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்களே, அந்த மாதிரி.

"லைசென்ஸ்?"

"வேணாம் சார்."

"ரிஜிஸ்ட்ரேஷன்?"

"அதுவும் வேணாம் சார். இருபத்தஞ்சு கிலோமீட்டர் ஸ்பீடுக்கு மேல போகாது."

பிரேக் இருக்கான்னு கேட்க வாயெடுத்தேன். அதுவும் வேணாம் சார்னு சொல்லிட்டா என்ன பண்றது? பேசாமல் விசிட்டிங் கார்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நல்ல கதையா இருக்கே!

வண்டி எனக்கில்லை. என் மனைவி மலருக்கு. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு சின்ன டைப்பிங் சென்டர் இருக்கிறது. பட்டா, பென்ஷன், ரேஷன் கார்டு என்று மனு கொடுக்க வருகிறவர்கள் அங்கேதான் எழுதி வாங்கிக்கொண்டு போவார்கள். மலர் அங்கே ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். "அந்த அம்மா டைப் பண்ணட்டும்"னு ஜனங்க காத்துக்கிட்டு நிற்கிற அளவுக்குப் பேரு.

போன மாசம் ஓனரம்மா ஒரு குண்டு போட்டார். ஒண்ணாம் தேதியிலிருந்து கடையை எட்டரைக்கே திறக்கப் போகிறார். "நீ கரெக்டா எட்டரைக்கு வந்தாகணும் மலரு. முடியலைன்னா சொல்லிடு, நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

எங்கள் வீடு அடி அண்ணாமலை பக்கம், கிரிவலப் பாதையை ஒட்டி. முன்னாடி ஒரு மினி பஸ் ஓடியது. ஆடியில் அது நின்றுபோனது. அப்புறம் ஷேர் ஆட்டோதான். அதை நம்பி எட்டரைக்குப் போக முடியாது. நான் கொண்டுபோய் விடலாம்... ஆனால் என் ஸ்கூல் செங்கம் ரோடு பக்கம். ஏழரைக்கே பைக்கை எடுத்தாகணும். அவளுக்கு கியர் வண்டின்னா பயம், லைசென்சும் கிடையாது. ஆக, இந்த லைசென்ஸ் வேண்டாத வண்டியை விட்டால் வழி இல்லை. வண்டி வந்தா வேலை நிலைக்கும், வரலைன்னா போகும். விஷயம் இவ்வளவுதான்.

இவ்வளவுதானே, வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்கிறீர்களா? நான் யாரு! கணக்கு வாத்தியார். என்னை அவ்வளவு சுலபமா எவனும் ஏமாத்திட முடியாது.

நாலு மாசமாக விசாரித்தேன். ஆமாங்க, நாலு மாசம். ஐப்பசியில் மலர் முதல் தடவை வண்டிப் பேச்சை எடுத்ததிலிருந்து. பேட்டரி லெட் ஆசிட்டா, லித்தியமா? மழையில் நனைந்தால் என்ன ஆகும்? ஒரு கிலோமீட்டருக்கு என்ன செலவு? பழைய ரெக்கார்டு நோட்டு ஒன்றில் பக்கம் பக்கமாக எழுதி வைத்தேன். ராத்திரி சாப்பிடும்போது அவளுக்குப் படித்தும் காட்டினேன். அவள் "ம்" என்பாள்.

மெக்கானிக் அமீர் பாயிடம் மட்டும் எத்தனை தடவை போனேனோ எனக்கே தெரியாது. எங்கள் ஊர் டூவீலர்களுக்கு அவர்தான் குடும்ப டாக்டர். கடைசியாகப் போனபோது கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"வாத்தியாரே, நெஜத்தை சொல்றேன். ஸ்பேர் கிடைக்கறது கஷ்டம். கண்ட்ரோலர் போச்சுன்னா கடைக்காரனும் கைய விரிச்சுடுவான். ஒரு வருஷம் ஓடும், மிஞ்சிப் போனா ரெண்டு வருஷம்."

"பார்த்தீங்களா! நான் அப்பவே நெனச்சேன்."

"இருங்க, முழுசா கேளுங்க. இந்த நாலு மாசம் நீங்க பேசினீங்களே... அந்த நாலு மாசமும் அது ஓடியிருக்கும்."

சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் உறைத்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்து நோட்டில் ‘கண்ட்ரோலர்: ஸ்பேர் இல்லை’ என்று எழுதி, அடியில் கோடு போட்டேன். புத்தி எங்கே போகும்?

இப்ப இன்னொரு விஷயம் சொல்லணும். மார்கழியில் இந்தப் பேப்பரில் இதே பத்தியில் நான் எழுதியது உங்களில் சில பேருக்கு ஞாபகம் இருக்கலாம். என் மனைவி தினமும் காலையில் கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நடந்து, சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்கே போகிறாள் என்று உருகி உருகி எழுதியிருந்தேன். நான் கண்ணால் பார்த்தது இல்லை, நான்தான் ஏழரைக்கே கிளம்பிடறேனே. ஊரே சொன்னது. "உங்க வீட்டம்மா பக்தி யாருக்கு வரும் சார்!"னு பால்காரர் சொன்னார், பக்கத்து வீட்டார் சொன்னார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வாசகர்கள் கடிதம் கூட எழுதினீர்கள். ‘கொடுத்து வைத்தவர் ஐயா நீங்கள்’ என்று ஒரு அம்மா.

போன புதன்கிழமை சாயங்காலம். தெருமுனையில் கற்பூரம், தேங்காய் விற்கிற வள்ளியம்மா என்னைக் கூப்பிட்டார்.

"சார், ஒண்ணு சொல்லுவேன், கோச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கம்மா."

"உங்க வீட்டம்மா காலைல நல்லா மொறையா வலமா போவுது. சாயங்காலம் ஏன் சார் இடமா வருது? சாமி மலையாச்சே... எதிர்ப்பக்கம் சுத்தலாமா? பாவம் சார். நான் சொன்னா அது சிரிச்சுட்டுப் போயிடுது. நீங்க சொல்லிப் பாருங்க."

எனக்குப் புரியவில்லை. "சாயங்காலமா? அவ ஆட்டோவுல இல்ல வருவா?"

"இன்னா சார் நீங்க! தெனம் ஏழு மணிக்கு குபேர லிங்கத்துப் பக்கத்துலேருந்து நடந்துதான் வருது. செருப்பைக் கையில தூக்கிக்கினு. உங்க வீட்டு முக்குல வந்துதான் போட்டுக்குது. வேண்டுதல்னு நெனச்சேன்."

அங்கேயே நின்று யோசித்துப் பார்த்தேன்.

காலையில் வேங்கிக்கால் போகிற வழியில், குபேர லிங்கம் பக்கம் போவது. சாயங்காலம் குபேர லிங்கம் பக்கமிருந்து வருவது. எந்த பக்தை மலையைக் கால்வாசி சுற்றிவிட்டு, பத்து மணி நேரம் கழித்து அதே வழியில் திரும்பி வருவாள்? அது கிரிவலம் இல்லைங்க. அது ஒரு பொம்பளை வேலைக்குப் போய்விட்டு வருவது! வேற ஊராக இருந்தால், பாவம் பஸ் இல்லை போலிருக்கு, நடந்து போகுதுன்னு யாராவது சொல்லியிருப்பார்கள். எங்கள் ஊரில் அந்த ரோட்டில் கால் வைத்தாலே பக்திதான். ஊர் தப்பாக நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. ஒரே வீட்டில் இருக்கிற நான்?

மலர் ஏழு மணிக்கு வந்தாள். செருப்பு காலில் இருந்தது.

"எதுல வந்தே?"

பையை மாட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "நடந்துதான்."

"ஷேர் ஆட்டோ?"

"அது எங்கங்க கிளம்புது? எட்டு பேர் ஏறினாத்தான் நகருவான். வெளியூர்க்காரங்க நின்னா நம்மளை ஏத்தவும் மாட்டான், அவங்க ஜாஸ்தி கொடுக்கறாங்க. நாலு நாள் லேட்டாப் போய் பேச்சு வாங்கினேன். மெயின் ரோடு வரைக்கும் நடந்துட்டா, அங்க எந்த பஸ்ஸாவது வந்துடும். முக்கா மணி நேரந்தான்."

"எப்போலேருந்து?"

"மினி பஸ் நின்னதுலேருந்து."

ஆடியில் நின்றது. இப்போது மாசி. ஏழு மாசம். கணக்கு வாத்தியார் நான், இந்தக் கணக்கை விரல்விட்டு எண்ணிப் போட்டேன்.

"ஏன் மலர் என்கிட்ட சொல்லலை?" என் குரல் கொஞ்சம் எகிறிவிட்டது. தப்பு பண்ணினவனுக்குத்தானே முதலில் கோபம் வரும்.

"சொன்னேனே. ஐப்பசில அந்த மழையப்ப சொன்னேன். ‘தினம் நடக்க முடியலைங்க, ஒரு சின்ன வண்டி வாங்கலாமா’ன்னு. நீங்க வண்டியை மட்டும் புடிச்சுக்கிட்டீங்க. நோட்டு போட்டு எழுத ஆரம்பிச்சீங்க."

நடக்க முடியலை என்று அவள் சொன்னது என் காதில் விழவே இல்லை. வண்டி என்பது மட்டும் விழுந்திருக்கிறது.

"சரி, செருப்பை ஏன் கையில..."

"தீபாவளிக்கு வாங்கின செருப்பு, இன்னும் கடிக்குது. கொப்புளம் உடைஞ்சு உடைஞ்சு ஆற மாட்டேங்குது. வெறுங்காலே தேவலாம்."

காலைக் காட்டச் சொன்னேன். காட்ட மாட்டேன் என்றாள். நானே குனிந்து பார்த்தேன். அதை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

காலையில் சாப்பிடாமல் ஓடுகிறாயே, வழியில் என்ன சாப்பிடுவே என்று கேட்டேன். அன்னதானக்காரர்கள் தொன்னையில் பொங்கல் கொடுப்பார்களாம். முதலில் கூச்சமாக இருந்ததாம். இப்போதெல்லாம் இவள் தூரத்தில் வரும்போதே "அந்தம்மா வருது, எடுத்து வைங்க" என்று தனியாக எடுத்து வைக்கிறார்களாம். கையில் பொங்கலை வைத்துக்கொண்டு யாரோ என் மனைவியை எதிர்பார்த்து நின்றிருக்கிறார்கள். நான் இந்தப் பக்கம் லித்தியம் பேட்டரி பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஒன்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"மார்கழில நான் எழுதினேனே... அதைப் படிச்சியா?"

"படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. மனு எழுத வந்தவங்க நாலு பேர் பேப்பரைக் கொண்டு வந்து காட்டினாங்க. ஒரு பாட்டியம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. என்னத்தச் சொல்றது? சிரிச்சு வச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது, அழுதேன். அவள் "அட, விடுங்க" என்று காபி போடப் போய்விட்டாள்.

சனிக்கிழமை அதே கடைக்குப் போனோம். பழக்க தோஷம், நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். மலர் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். சேல்ஸ்மேனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நடுவழியில நின்னுட்டா நான் ஒருத்தியா இதைத் தள்ள முடியுமா?"

"தாராளமா மேடம். தள்ளிப் பாருங்க."

ஸ்டாண்டை எடுத்துவிட்டு, கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தள்ளினாள். திருப்பிக்கொண்டு வந்தாள். "லேசாத்தான் இருக்கு. எடுத்துக்கலாம்" என்றாள்.

நான் சும்மா இருந்தேனா? "மலர், ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காதுன்னு அமீர் பாய் வேற..."

"நின்னா தள்ளிக்கிட்டு நடக்கறேங்க. நடக்கறது எனக்கென்ன புதுசா?"

சேல்ஸ்மேன் என்னைப் பார்த்தார். நான் நோட்டை மடக்கி சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

பிள்ளையார் கோயில் வாசலில் வண்டிக்கு மாலை போட்டு, வள்ளியம்மா கடைக் கற்பூரம் ஏற்றி, ரெண்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கினோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்கூல் கிரவுண்டில் பழகினாள். சின்ன வயசில் சைக்கிள் ஓட்டினவளாம்... அதுவும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்! மூணாவது சுற்றிலேயே, பின்னால் பிடித்துக்கொண்டு ஓடின என்னைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

அந்த வண்டி நல்ல வண்டியா, வாங்கலாமா என்று தயவுசெய்து எனக்குக் கடிதம் போடாதீர்கள். தெரியாது. நாளைக்கே நின்று போகலாம். மலிவாக வந்த சாமான், அதுக்கு நான் ஜாமீன் கொடுக்க முடியாது. மார்கழியில் எழுதியதற்கு மட்டும் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். என்னைக் கொடுத்து வைத்தவர் என்று எழுதிய அந்த அம்மா, தயவுசெய்து அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும்.

திங்கள்கிழமை, ஒண்ணாம் தேதி. ஸ்கூலில் பிரேயர் முடிந்து ஸ்டாஃப் ரூமில் நின்றுகொண்டிருந்தேன். எட்டு இருபத்தைந்துக்குப் போன் அடித்தது. "வந்து சேர்ந்துட்டேன்" என்றாள். அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

இத்தனை வருஷத்தில் வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் மலர் எனக்குப் போன் பண்ணியது இதுதான் முதல் தடவை. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று நான் சொன்னதும் இதுதான் முதல் தடவை.