மிஷினில் துரு

அப்பாவின் வலது கையில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று அளந்து பார்க்க எங்கள் வீட்டிலேயே ஒரு மிஷின் இருந்தது. அது அம்மாவின் கை.

அப்பா தீவுகளுக்கு நடுவே ஓடும் கப்பலில் டெக் வேலை பார்த்தார். கப்பல் கரையை அணையும்போது வடத்தை இழுத்துக் கட்டுவது அவர் பொறுப்பு. ஒருமுறை ஹட் பே துறையில் அலை தூக்கியடித்ததில், வடத்துக்கும் இரும்புக் கட்டைக்கும் நடுவே கை மாட்டிக்கொண்டது. மாவுக்கட்டுப் போட்டு, அதைப் பிரித்து, மாதக்கணக்கில் டெய்ரி ஃபார்ம் என்கிற எங்கள் பேட்டையில், வீட்டோடு உட்கார்ந்திருந்தார். கைக்குப் பலம் வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னால்தான் மறுபடி கப்பலில் ஏற்றுவார்கள். இல்லாவிட்டால் கரை வேலை. அப்பாவைப் பொறுத்தவரை கரை வேலை என்பது வேலையே இல்லை.

ஆகவே தினமும் சாயங்காலம் டீ குடித்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொல்லி நெரிப்பார். "ஐயோ, விடுங்க, எலும்பு நொறுங்கிரும்" என்று அம்மா கத்துவாள். அப்பாவுக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும். பக்கத்து வீட்டு வங்காளத்து அம்மாள் ஒருநாள் பயந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று பள்ளிக்கூடம் லீவு. என்னையும் கூட்டிப் போனார்கள். ஃபிசியோ மேடம் ஒரு கருவியை நீட்டினார். இரும்புக் கைப்பிடி, மேலே கடிகாரம் மாதிரி ஒரு முள், கிலோ கணக்கு. அப்பாவின் முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்து, "ஜோர் சே தபாவோ" என்றார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். முள் சோம்பல் முறித்துவிட்டுக் கொஞ்ச தூரம் போய் நின்றுகொண்டது. இன்னும், இன்னும் என்று மேடம் சொல்லியும் அது அசைவதாக இல்லை.

"மேடம், மிஷின் கராப் ஹை" என்றார் அப்பா. ஜன்னல் கம்பியே உப்புக்காற்றில் துருவேறி உதிர்கிற ஊரில், மெயின்லேண்டிலிருந்து வந்த இரும்புச் சாமான் மட்டும் கெடாமல் இருக்குமா என்பது அவர் வாதம். மேடம் சிரித்தபடி அதை இடது கையில் கொடுத்தார். முள் விர்ரென்று ஏறியது. அப்பா அசரவில்லை. "துரு ஒரு பக்கமாத்தானே பாப்பா ஏறும்" என்று எனக்குத் தமிழில் விளக்கினார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

மேடம் அலமாரியிலிருந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்தார். அதிலிருந்து ஒரு குழாய் போய் இன்னொரு முள்ளோடு சேர்ந்தது. இரும்புப் பிடி வலித்தால் சிலருக்குக் குறைவாகக் காட்டும், இதில் அவ்வளவு வலிக்காது என்றார். ரப்பருக்குத் துருப் பிடிக்காதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்பா பந்தைப் பிசைந்தார். நெற்றியெல்லாம் வியர்த்தது. அந்த முள்ளும் அதே லட்சணத்தில்தான் நகர்ந்தது. "பஸ், பஸ்" என்றார் மேடம். போதும் என்பதை அவ்வளவு மெதுவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கரை வேலைதான் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். கப்பல் ஜெட்டியில் டிக்கெட் பார்க்கிற வேலையாக இருக்கும் என்று அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஆட்டோ ஃபீனிக்ஸ் பே துறைப் பக்கம் வந்தபோது ஹட் பே போகிற கப்பல் நின்றுகொண்டிருந்தது. அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் டீகூடக் குடிக்காமல் அம்மாவிடம், "கையக் குடு" என்றார். அம்மா கொடுத்தாள். "ஐயோ, வலிக்குதுங்க" என்று கத்தினாள். அன்று அவள் கண்ணிலிருந்து நிஜமாகவே தண்ணீர் கொட்டியது.

"பாத்தியா பாப்பா? ரெண்டு மிஷினும் கராப்."

எனக்கும் ஆசை வந்து கையை நீட்டினேன். அப்பா பிடித்தார். அவர் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. எனக்கு வலிக்கவே இல்லை. உள்ளங்கையின் சூடு மட்டும் தெரிந்தது. சின்னப் பிள்ளை என்று எவ்வளவு பதமாகப் பிடிக்கிறார் என்று பெருமையாக இருந்தது. என்னிடம் இப்படி இருக்கத் தெரிந்தவர் அம்மாவை மட்டும் ஏன் அழ அழ நெரிக்கிறார் என்று கோபமும் வந்தது. அன்று தூங்கப் போகும்வரை நான் அப்பாவோடு பேசவில்லை.