துப்பாக்கி உறையும் எதிர்க்கடை சேகரும்

துப்பாக்கியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் துப்பாக்கிக்குச் சட்டை தைப்பதுதான் எங்கள் தொழில். தாராவியில் ஒரு சந்து. இந்தப் பக்கம் என் பட்டறை, எதிர்ப்பக்கம் சேகர் பட்டறை. அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களின் துப்பாக்கிக்கு இரண்டு பேருமே தோல் உறை தைக்கிறோம். கடை வைத்திருக்கும் உங்களுக்கும் எதிரே ஒரு சேகர் இருப்பான். இருந்தால்தான் என் கஷ்டம் புரியும்.

யார் பெயர்?

எங்களுக்கு ஆர்டர் பிடித்துத் தருகிறவர் மாட்டுங்கா சுந்தரம் சார், ஏற்றுமதி ஏஜெண்ட். எங்கள் உறையை வாங்கும் அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனி, வேட்டைத் துப்பாக்கியைத் தானே செய்வதில்லை என்று ஒருநாள் அவர்தான் சொன்னார். துருக்கியில் செய்ததை இறக்குமதி பண்ணி, தன் பெயரைப் பொறித்து விற்கிறதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவனோ மெனக்கெட்டு இரும்பைக் கடைவான், பேர் மட்டும் இன்னொருத்தனுக்கா? முன்பின் தெரியாத துருக்கிக்காரனுக்காக வெகுநேரம் சண்டை போட்டேன்.

சுந்தரம் சார் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஓய் மைதீன், நீர் தைக்கற உறையில மட்டும் உம்ம பேரா இருக்கு? அதுலயும் அவன் பேரைத்தானே குத்தி அனுப்பறீர்!"

ஒரே ஒரு மரத் துப்பாக்கி

இந்த வருஷம் கம்பெனி புது மாடல் இறக்குகிறது. உறைக்கு சாம்பிள் கேட்டார்கள். யாருடையது பிடிக்கிறதோ அவருக்கு சீசன் முழுக்க ஆர்டர். அது சேகருக்குப் போனால், வேலையில்லாத பட்டறையில் என் தையல்காரர் முருகேசன் எதற்கு உட்கார்ந்திருப்பார்? அவரைப்போல் தோல் தைக்கிறவர் இந்தச் சந்தில் கிடையாது. நேரே எதிர்ப்பக்கம் போய்விடுவார். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

நிஜத் துப்பாக்கியை இங்கே அனுப்ப முடியாது என்பதால், அதே அளவில் மரத்தில் ஒரு டம்மி வந்தது. ஒன்றே ஒன்று. சுந்தரம் சார் அதை சேகர் கையில் கொடுத்து, "ரெண்டு பேரும் பார்த்துக்கோங்கோ" என்று போய்விட்டார். ஏன், என் கையில் கொடுத்தால் ஒட்டிக்கொள்ளுமா? சந்தே சேகர் வாசலில் கூடியது. முருகேசன்கூட அதைத் தோளில் வைத்துப் பார்த்தார். நான் போகவில்லை.

சேகர் டம்மியோடு ஒரு செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். நீள அகலம் கம்பெனி தாளில் இருந்தது. உருவத்துக்கு இந்தப் படம் போதும் என்று தேவ்நாரில் ஒரு தச்சரிடம் காட்டி, இதேபோல் செய்யச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்: "எதுக்கு பாய் வீண் அலைச்சல்? சேகரண்ணன்ட்ட கேட்டா அவரே தூக்கிட்டு வந்து தருவாரே, தங்கமான மனுஷன்!"

அவன் கரண்ட்

சாம்பிளை முருகேசனிடம்கூடக் கொடுக்காமல் நானே தைத்தேன்; பாதியில் இருக்கும்போது எங்கள் பக்கம் மட்டும் கரண்ட் போனது. மிஷின் நின்றது. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சேகரே எங்கிருந்தோ ஒரு நீள வயரை எடுத்துவந்து, தன் பட்டறையிலிருந்து என் மிஷினுக்கு இழுத்துக் கொடுத்தான். வேலை முடிகிறவரை அவன் கரண்டில் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன். வீட்டுக்கு வந்து, நாலு பேர் பார்க்கத்தான் அவன் அப்படிச் செய்தான் என்று புலம்பினேன்.

என் மனைவி ரஹ்மத் சோற்றை வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவுஹ கரண்ட்டுலயே தச்சிட்டு அவுஹளையே வையுதீயளே, ஒங்களுக்கே நல்லாருக்கா?"

இடம் வலம்

என் உறையைப் பார்த்ததும் சுந்தரம் சார் முகம் மாறியது. குண்டு ஏற்றும் கைப்பிடிக்காக உறையில் ஒரு புடைப்பு வைத்துத் தைக்க வேண்டும். டம்மியில் அது வலது பக்கம். என் உறையில் இடது பக்கம். செல்ஃபியில் இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது. சேகருக்குப் பின்னால் இருந்த போர்டில் எழுத்தெல்லாம் திரும்பிக் கிடக்கிறது, அதைக்கூடவா பார்க்கவில்லை என்று கேட்டார். எங்கே பார்த்தேன்? எனக்குத் தெரிந்ததெல்லாம் துப்பாக்கியும் அவன் சிரிப்பும்தான்.

முருகேசன் போனதுபோலத்தான் என்று நினைத்துக்கொண்டேன். வந்தவரைக்கும் வரட்டும் என்று சுந்தரம் சார் இரண்டு சாம்பிளையும் அனுப்பி வைத்தார். பதில் வந்தது. சேகர் உறைக்கு ஆர்டர். என் உறைக்கும் ஆர்டர்! இடது கைக்காரர்களுக்கென்றே ஒரு மாடலை கம்பெனி தனியாக இறக்குகிறதாம். அதற்கு வேறு யாரும் உறை காட்டவில்லையாம்.

சுந்தரம் சாருக்கு நம்பவே முடியவில்லை: "இடது கை மாடலும் வரப்போறதுன்னு எனக்கே தெரியாதே, உமக்கு யார் ஓய் சொன்னா?"

வாசலில் காத்திருந்தேன்

அன்று முழுக்க வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை வருஷமாக நான் பட்ட பாடு! இன்றைக்காவது அவன் முகம் சுண்டுவதைப் பார்க்க வேண்டாமா? சேகர் வந்தான். கையில் பேடா பெட்டி. என்னைக் கட்டிப்பிடித்து, முதல் பேடாவை என் வாயிலேயே திணித்தான்.

"மைதீன் பாய், எனக்கு இது தோணவே இல்ல பாத்தியளா! ஒங்க மூளை யாருக்கு வரும்? கைக்கு ஆளு பத்தலைன்னா சொல்லுங்க, எங்க பயலுவள அனுப்புதேன்."

ஆர்டரும் வந்துவிட்டது, முருகேசனும் என் மிஷினில்தான் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் சேகருக்கு ஒரு நிமிஷம்கூட வயிறு எரியவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிகிறது.