இரண்டு ஊருக்கு ஒரே படம்

அயர்லாந்தில் நான் இருக்கும் சிற்றூரில், எதிர்ப்படுகிறவர்கள் மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் நகர மாட்டார்கள். தேர்தல் நெருங்கியதிலிருந்து அந்த வழக்கம் மாறிவிட்டது. முதலில் கைப்பேசியைப் பார்க்கிறார்கள், பிறகு என்னை, மறுபடி கைப்பேசியை. மழை அதுபாட்டுக்குப் பெய்கிறது.

காரணத்தைக் காட்டியவர் பக்கத்து வீட்டு மொரீன். கேக் செய்தால் என் மகளுக்கு ஒரு துண்டு தராமல் இருக்கமாட்டார். வேலிக்கு மேலாகக் கைப்பேசியை நீட்டினார். பள்ளி வாசலில், தலையை மூடிய குளிர்ச்சட்டையோடு ஒருவன் முதுகைக் காட்டி நிற்கும் படம். பிள்ளை பிடிக்க வந்த அந்நியன், ஜாக்கிரதை என்று கீழே எழுதியிருந்தது. அவனது இடது கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. மணிக்கட்டோடு படத்தை வெட்டியிருந்தார்கள். அந்தக் கையைப் பிடித்தபடி வெட்டுக்கு அப்பால் நின்றவள் என் மகள்.

"இது நான்" என்றேன். என் ஆங்கிலத்தில் என்ன புரிந்துகொண்டாரோ, "நீ மட்டுமில்லை, எங்கள் எல்லோருக்கும் பயம்தான். பெண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

நான் நர்ஸாக வேலை செய்யும் முதியோர் இல்லத்துத் தொலைக்காட்சியில் அன்று விவாதம். இப்படிப்பட்ட படங்களைப் பரப்பும் பக்கங்கள் இந்த நாட்டிலிருந்தே நடத்தப்படவில்லை, எங்கோ ஒரு தேசத்தில் சம்பளத்துக்கு உட்கார்ந்து பல மொழிகளில் எழுதுகிறார்கள் என்றார் ஒருவர். வெளிநாட்டுத் தலையீடு என்று மாறி மாறிக் கத்தினார்கள். நான் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த மூதாட்டி என் கையைப் பிடித்து, "உன்னைச் சொல்லவில்லை, கண்ணே" என்றார். சிரித்துவைத்தேன்.

அந்த வாரமே, நாகர்கோவில் பக்கத்தில் இருக்கும் என் சொந்த ஊரான கருங்கலிலிருந்து ஜெயா அக்கா ஒரு படத்தை அனுப்பினாள். அதே முதுகு, அதே கை. "மக்கா, நம்ம கருங்கல் பக்கம் வடநாட்டுக்காரன் ஒருத்தன் சுத்துறான், பிள்ளைய பத்திரம் கேட்டியா" என்று அதன் மேல் எழுதியிருந்தது. எங்கோ ஓர் அறையில் இருக்கும் எவனுக்கோ, ஊரில் பாசமாகக் கூப்பிடும் மக்கா என்ற சொல்லை எங்கே வைத்தால் எங்கள் நெஞ்சில் தைக்கும் என்று தெரிந்திருக்கிறது.

எனக்கு உடனே சுமன் நினைவு வந்தது. ஒடிசாக்காரன், அக்காவின் கணவர், எங்கள் அத்தானின் பேக்கரியில் வேலை. போன விடுமுறையில் எனக்குத் தேநீர் போட்டுத் தந்தவன். என்னைப் போலவே அவனும் ஜெயாவை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அந்தப் படத்துல இருக்கது நான். இங்க ஸ்கூலுக்கு மோள கூட்டப் போனப்போ எவனோ எடுத்தது."

"லேய், வெளையாடாத. நீ எதுக்கு கருங்கல் ஸ்கூல் வாசல்ல நிக்கப்போற?"

"கருங்கல் வெயில்ல இந்தச் சட்டைய எவன் போடுவான்?"

"மழைக்குப் போட்டிருப்பான். ஊரே பேசுது மக்கா."

"சுமன் எங்க?"



"கடை முன்ன ஆளு கூடிட்டு. அடி விழுறதுக்கு முன்ன அத்தான் அவன நாகர்கோவிலுக்குக் கொண்டுபோயி ரயில் ஏத்திவிட்டாரு. நான் செய்யல்ல அக்காண்ணு சொல்லிட்டே போனான், பாவம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா மக்கா, முதுகு அவனுக்கது மாதிரியேதான் இருக்கு, பாத்தியா?"

சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் அவள். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் பள்ளி வாசலில் மகள் ஓடிவந்து என் இடது கையைப் பற்றினாள். பின்னால் யாரோ கைப்பேசியை உயர்த்துவதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. அவளைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டேன். இனி படத்தை எப்படி வெட்டினாலும் என்னோடு அவளும் வருவாள். சுமனுக்கு எங்கள் ஊரில் அப்படித் தூக்கிவைத்துக்கொள்ள ஒரு பிள்ளை இல்லை.