தங்கம்மா அக்காவுக்கு மாம்பழம் பிடிக்கும்

என் அக்கா தங்கம்மா நேற்று மானிப்பாயில் காலமானார். "அம்மாவுக்கு மாம்பழம் மட்டும் பிடிக்காது" என்று அவருடைய மகன் குகன் கனடாவில் இருந்து போஸ்ட் போட்டு, கூடவே ஒரு சிரிக்கிற எமோஜியும் போட்டிருக்கிறான்.

பொய்.

அவனுக்குத் தெரியாது, அவனைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் தெரியாததை ஏன் எழுத வேண்டும்?

எட்டாம் நாள் படையலுக்கு, அக்கா விரும்பிச் சாப்பிட்டவற்றின் லிஸ்ட் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. ஒடியல் கூழ், கத்தரிக்காய்க் குழம்பு, எள்ளுப்பாகு... மாம்பழம் இல்லை. வைகாசி மாதத்தில்! முற்றமெல்லாம் பழம் விழுந்து கிடக்கிற நேரத்தில்!

அக்காவுக்கு மாம்பழம் என்றால் உயிர். அதை அவரிடம் இருந்து பிடுங்கியவர்கள் எங்கள் வீட்டு ஆண்கள். நான் அங்கே இருந்தேன். பார்த்தேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த அடுத்த வைகாசி. அக்காவுக்குப் பதினேழு, எனக்கு ஒன்பது.

அளவெட்டியில் எங்கள் வீட்டு வளவில் புதிதாக வைத்த கறுத்தக்கொழும்பான் மாமரம் அந்த வருஷம்தான் முதன்முதலாகக் காய்த்தது. முதல் பிடுங்கின பழம் கோயிலுக்கு என்பது எங்கள் வீட்டு வழக்கம். கொடிகாமத்துக்கு அங்காலே ஒரு அம்மன் கோயிலுக்கு அப்பு, எங்கள் அப்பா, நேர்ந்து வைத்திருந்தார்.

இரண்டு மாட்டு வண்டில். பதினொரு பேர். இரண்டு பனையோலைக் கடகம்... ஒன்றில் கோயில் பழம், மற்றதில் வழியில் நாங்கள் சாப்பிடப் பழைய மரத்துப் பழம். இரண்டும் ஒரே இனம். கோயில் கடகத்தை அடையாளம் தெரிய வெள்ளைத் துணியால் மூடியிருந்தோம்.

வழி முழுக்கப் பாட்டும் பகிடியும்தான். அக்கா வண்டிலின் பின்பக்கம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எந்த வளவில் எந்த மாமரம் என்று மணத்தை வைத்தே சொல்லிக்கொண்டு வந்தார். "உவளைக் கட்டுறவன் மாந்தோப்பு வைச்சிருக்க வேணும்" என்று அப்புவின் தமையன், பெரியப்பு, பகிடி பண்ணினார்.

வெயில் ஏறியதும் அப்பு அந்த வெள்ளைத் துணியை எடுத்துத் தன் தலையில் கட்டிக்கொண்டார். ஓம், அப்புதான்!

ஒரு புளியமரத்தடியில் மாடு அவிழ்த்தோம். அப்பு நிழலில் சரிந்து படுத்துவிட்டார். அக்கா கத்தியும் கையுமாக நின்று கேட்டார்.

"அப்பு, எந்தக் கடகத்தில எடுக்கிறது?"

"உந்தக் கடகந்தான். கெதியா வெட்டு பிள்ளை, உதுகள் பசியில நிக்குதுகள்."

கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினார். அக்கா வெட்டினார். பதினொரு பேரும் சாப்பிட்டோம். பெரியப்பு மூன்று பழம். "இதென்னடி, தேன் மாதிரிக் கிடக்கு" என்று கொட்டையைச் சூப்பிச் சூப்பிச் சொன்னார்.

கோயிலடியில் மற்றக் கடகத்தைத் திறந்தால்... மேலேயே வௌவால் கோதின பழைய மரத்துப் பழம். நாங்கள் தின்றது கோயில் பழம்.

"ஆரடி வெட்டினது?" பெரியப்பு.

"நான்தான் பெரியப்பு. அப்பு காட்டினவர்..."

அப்பு தலையில் இருந்த துணியைக் கழற்றித் தோளில் போட்டார். கோபுரத்தைப் பார்த்தார்.

"அப்புதான் உந்தக் கடகமெண்டு காட்டினவர்!" என்று நான் கத்தினேன். அம்மா என் தொடையில் கிள்ளியது இன்னும் நினைவிருக்கிறது. "வாயை மூடு. பெத்த கொப்பரை நாலு பேருக்கு முன்னால வைச்சுக் கதைக்கிறியோ?"

பெரியப்பு தீர்ப்புச் சொன்னார். "காசிக்குப் போற சனம் ஒரு பழத்தைச் சீவியத்துக்கும் விட்டிட்டு வருகுதுகள். இவளும் விடட்டும். மாம்பழத்தை விடுறன் எண்டு அம்மனுக்கு முன்னால சொல்லடி."

அக்கா சொன்னார். அழாமல், எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

தின்றது பதினொரு பேர். விட்டது ஒருத்தி.

அன்று கொடிகாமத்தில் சின்னம்மா வீட்டில் தங்கினோம். இரவுச் சோற்றோடு மாம்பழம் வந்தது. பெரியப்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அக்கா எங்களுக்கெல்லாம் வெட்டிக் கொடுத்துவிட்டு எழும்பிப் போய்க் கை கழுவினார்.

இரண்டு வருஷம் கழித்து அக்கா மானிப்பாயில் வாழ்க்கைப்பட்டார். பழக் காலத்தில் அப்பு பஸ்ஸில் கடகம் கொண்டு போவார், நானும் கூடப் போவேன். மகளுக்குக் கடகம் கொண்டுபோக அவருக்குக் கால் இருந்தது. "நான்தான் காட்டினது" என்று சொல்ல வாய் இருக்கவில்லை, சாகும்வரை.

ஒருமுறை குசினிக்குள் அடுப்படியில் வைத்துக் கேட்டேன். "ஒரு துண்டு தின் அக்கா. ஆர் பாக்கினம்?"

"நான் பாக்கிறன்தானே."

பிறகு தோலை எடுத்து மூக்கோடு வைத்துக்கொண்டார். "மணக்கக் கூடாதெண்டு பெரியப்பு சொல்லேல்லை" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் வரவில்லை.

நேர்த்திக்கடனை மீறலாமா என்று கமெண்டில் கேட்க வருகிறவர்களுக்கு: அது நேர்த்தி இல்லை, தண்டனை. அதுவும் ஆள் மாறிப் போட்ட தண்டனை. செத்த பிறகும் அனுபவிக்க வேண்டுமோ?

ஆகவே...

குகன், அந்த வரியை இன்றைக்கே அழி. முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவு மலரிலும் அது வரக்கூடாது. அச்சுக்குப் போக முதல் எனக்கு வாசித்துக் காட்டு.

குகனின் தங்கை வசந்தி, லிஸ்டில் மாம்பழத்தை முதலாவதாக எழுது.

அளவெட்டி வளவில் இப்போது இருப்பது பெரியப்புவின் பேரன்மார். கறுத்தக்கொழும்பான் அங்கேயிருந்துதான் வர வேண்டும், நல்ல பழமாக, அவர்களே சுமந்துகொண்டு வர வேண்டும். படத்துக்கு முன்னால் வைத்து "எங்கட ஆக்கள் செய்தது பிழை" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அப்புவுக்காக அதை நான் சொல்வேன்.

தோல் சீவி வெட்டி வைப்பதும் நான்தான். ஒருவரும் கத்தியைத் தொட வேண்டாம்.

சாப்பிட்டிட்டுப் போ அக்கா.