லைட் வரும்வரை

முதலில் பழி என் சமையல்மேல்தான் விழுந்தது. சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, "இரும்பை நக்குன மாதிரி இருக்கு" என்றார் என் கணவர். மறுநாள் ரசத்துக்கும் அதே பேச்சு, காபிக்கும் அதே பேச்சு. ராணுவ மெஸ்ஸில் எதைப் போட்டாலும் வாய் திறக்காமல் சாப்பிட்ட மனிதருக்கு வீட்டுக்கு வந்ததும் நாக்கு நீண்டுவிட்டது என்று எனக்குக் கோபம். வாணலியை மாற்றினேன். புது எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். வீட்டு ஓனரிடம் சண்டை போட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியைக்கூடக் கழுவ வைத்தேன்.

டம்ளரில் குற்றமில்லை. அவர் ரத்தத்தில் யூரியா (சிறுநீரோடு வெளியேற வேண்டிய கழிவு) எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாராவது திடீரென்று சாப்பாடு இரும்பாக இருக்கிறது என்றால் பாத்திரத்தை மாற்றாதீர்கள். ஆளை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

அவர் பெயர் சண்முகவேல். ராணுவத்தில் சிக்னல் பிரிவு ஹவில்தார். ராமநாதபுரம் பக்கம் எங்கள் ஊர். கடைசி போஸ்டிங் டெல்லியில் கிடைத்தது. கரோல் பாக்கில் மாடி போர்ஷன் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். எனக்குத் தமிழ்ப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. இனி ஊர் ஊராகப் பெட்டி கட்ட வேண்டாம் என்று நிம்மதியாக இருந்த நேரத்தில்தான் இந்த இரும்புச் சுவை வந்தது.

ராணுவ மருத்துவமனையில் சிறுநீரக டாக்டர் ஒரு பெண்மணி. சுற்றி வளைக்காமல் பேசுவார். "எத்தனை வருஷமாக வலி மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று இந்தியில் கேட்டார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கே தெரியாத விஷயம் அது. எல்லையில் ஆண்டெனா கம்பத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்தால் வேலைக்குப் பயந்தவன் என்று பேர் வரும் என்று படுக்கவில்லை. யூனிட்டின் மருந்தறையில் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடியும் கம்பத்தில் ஏறியிருக்கிறார். வருடக்கணக்கில் அப்படியே ஓடியிருக்கிறது. முதுகு பிழைத்துக்கொண்டது, சிறுநீரகம் போய்விட்டது.

வாரம் இருமுறை டயாலிசிஸ் (சிறுநீரகம் செய்யாத வேலையை இயந்திரம் செய்வது; ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப உடம்புக்குள் அனுப்பும்) என்று முடிவானது. இடது கையில் பிஸ்டுலா (ஊசி போடத் தோதாக இரண்டு ரத்தக் குழாய்களை இணைக்கும் சிறு அறுவை) செய்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே பூனை உறுமுவதுபோல் ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால் உடனே ஓடி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் தூங்கும்போதெல்லாம் அந்தக் கையைத் தொட்டுப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. "என்ன, வண்டி ஓடுதா?" என்பார் கண்ணைத் திறக்காமலே.

மருத்துவக் குழு அவரைப் பணியிலிருந்து விடுவித்தது. ஊனத்தின் அளவைச் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். ஆனால், ராணுவப் பணியால் வந்த நோயா என்ற கேள்விக்கு, இல்லை, உடல்வாகால் வந்தது என்று எழுதிவிட்டார்கள். அப்படியென்றால் ஊன ஓய்வூதியம் கிடையாது. மேல்முறையீடு செய்ய ஆறு மாதம் அவகாசம் கொடுத்திருந்தார்கள்.

அந்த ஓய்வூதியம் வந்தால் டெல்லியில் இருக்கலாம். வராவிட்டால் வாடகையையும் மருந்தையும் சேர்த்துத் தாங்க முடியாது, ஊருக்குத் திரும்ப வேண்டும். ஊரிலிருந்து டயாலிசிஸுக்கு மதுரை போக வேண்டும். போகவே மூன்று மணி நேர பஸ். டயாலிசிஸ் முடிந்து எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர் அதே பஸ்ஸில் திரும்பி வர வேண்டும். எத்தனை நாள் தாங்குவார் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஆறு மாதம் தாராளம் என்று நினைத்தேன். என் கணவர் ராணுவக்காரர் என்பதை மறந்துவிட்டேன்.

மேல்முறையீட்டை முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, தன் பழைய யூனிட்டின் கமாண்டிங் ஆபீசருக்கு அனுப்பினார். அவர் பார்த்து மேலே அனுப்ப வேண்டுமாம்.

"நேரா அப்பீல் ஆபீசுக்கே அனுப்புனா என்னங்க?" என்றேன்.

"தலைக்கு மேல தாண்டிப் போகக் கூடாது. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"நீங்கதான் இப்ப யூனிட்லயே இல்லையே!"

"உனக்குப் புரியாது. சும்மா இரு."

யூனிட் அதற்குள் வேறு ஊருக்கு மாறியிருந்தது. காகிதம் அதைத் தேடிக்கொண்டு போனது, யார் மேஜையிலோ படுத்துக் கிடந்தது, கடைசியில் எங்களுக்கே திரும்பி வந்தது. ஓய்வு பெற்றவர் நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு வரி மேலே எழுதியிருந்தார்கள். வந்து சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை. அடுத்த செவ்வாய் கடைசித் தேதி. அவர் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். அப்போதே சொன்னேனே என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எதையும் சொல்ல மனம் வரவில்லை.

வெள்ளி டயாலிசிஸ். சனி, ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு நான் மட்டும் டெல்லியிலேயே இருந்த அந்த மேல்முறையீட்டு அலுவலகத்துக்குப் போனேன். டெல்லியில் கரண்ட்டை லைட் என்பார்கள். கவுண்டரில் இருந்த நடுவயது குமாஸ்தா ஃபைலால் விசிறிக்கொண்டே, லைட் இல்லை, பேட்டரியும் செத்துவிட்டது, கம்ப்யூட்டர் எழும்பவில்லை என்றார். கையால் ரசீது எழுதும் வழக்கத்தை அந்த வருடம்தான் நிறுத்தியிருந்தார்கள். விண்ணப்பித்தவரைக் கம்ப்யூட்டர் போட்டோ எடுக்குமாம். அதனால் ஆளும் நேரில் வர வேண்டும். "கல் ஆயியே, பெஹன்ஜி" என்றார். நாளைக்கு வாருங்கள் அக்கா என்று அர்த்தம். மரியாதையாகத்தான் சொன்னார்.

நாளை செவ்வாய். கடைசித் தேதி. டயாலிசிஸ் நாளும் அதுதான், மதியம் இரண்டு மணிக்கு. கவுண்டரை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள்.

காலையில் திறந்தவுடன் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று கணக்குப் போட்டோம். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு. ஒன்பதரைக்கே போய் உட்கார்ந்தோம். லைட் வரவில்லை. மே மாத வெயில். நடைவழி முழுக்க எங்களைப்போல் ஆட்கள். ஊன்றுகோல் வைத்திருந்த பெரியவர் ஒருவர் தரையில் துண்டு விரித்துப் படுத்துவிட்டார். இவர் மட்டும் பெஞ்சில் முதுகு சாயாமல், மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார்.

டயாலிசிஸ் நோயாளிக்குத் தண்ணீரும் அளவுதான். பிளாஸ்க்கில் கொண்டு போன ஐஸ்கட்டியை ஒவ்வொன்றாக வாயில் கொடுத்தேன். பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை விளக்கு எரிந்தது. நடைவழியே எழுந்து நின்றது. கம்ப்யூட்டர் திரையில் ஏதோ வெள்ளையாக ஓடத் தொடங்குவதற்குள் மறுபடியும் போய்விட்டது. குமாஸ்தாவிடம் போய், கையால் ஒரு எண் போட்டுக் கொடுங்கள், காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றேன். "போட்டால் என் வேலை போய்விடும், அக்கா. லைட் ஆயேகீ தோ ஹோகா" என்றார். லைட் வந்தால் நடக்கும். அவர் சட்டையும் நனைந்துதான் இருந்தது.

ஒரு மணிக்கு இவருடைய மூச்சு மாறியதைக் கவனித்தேன். தோள் ஏறி இறங்கியது. உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது என்றார்.

"போதும், எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"இன்னுங் கொஞ்சம் பாப்போம். லைட்டு வந்துரும்."

"நேரம் ஆகுதுங்க."

"இத்தன மாசம் என்னாலதான் போச்சு. இன்னைக்கும் விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

இரண்டு மணியும் தாண்டியது. எனக்கு இரண்டு பக்கமும் பயம். எழுந்து போனால் டெல்லி போச்சு. உட்கார்ந்திருந்தால் ஆள் போய்விடுவார். கழிப்பறைக்குப் போக எழுந்தவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். "காலு வரமாட்டேங்குது" என்றார் மெதுவாக. அவர் குரலில் பயத்தை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அவர் மடியிலிருந்த ஃபைலைப் பிடுங்கினேன். "பென்சன் வந்தா அதை வாங்குறதுக்கு ஆளு வேணுமா வேணாமா? எந்திரிங்க சொல்றேன்!" என்று கத்தினேன். தமிழ் தெரியாத அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊன்றுகோல் பெரியவர்தான் எழுந்து வந்து ஒரு பக்கம் தாங்கினார். ஆட்டோ பிடித்தோம்.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள், ஈசிஜி (இதயத் துடிப்பின் வரைபடம்) எடுத்தார்கள். டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பொட்டாசியம் (ரத்தத்தில் உள்ள ஓர் உப்பு, அளவு மீறினால் இதயத் துடிப்பைக் குலைக்கும்) எங்கேயோ போயிருக்கிறது. இவ்வளவு நேரம் எங்கே இருந்தீர்கள்?"

"ஒரு ரசீதுக்காகக் காத்திருந்தோம், மேடம்."

"இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தால் இதயம் நின்றிருக்கும்" என்றார். திட்டக்கூட நேரமில்லாமல் ஊசி மருந்து எழுதப் போய்விட்டார்.

இயந்திரத்தில் போட்டார்கள். ஒரு மணி நேரம்போல் ஓடியிருக்கும். அங்கேயும் லைட் போனது.

பெரிய மருத்துவமனைதான், ஜெனரேட்டர் உண்டு. அன்றைக்கு அது இருமிவிட்டு நின்றுவிட்டது. நான்கு இயந்திரமும் ஒரே சமயத்தில் கூவின. டெக்னீஷியன் ஒருவர், நர்ஸ் ஒருவர். ரத்தம் குழாயில் நின்றால் உறைந்துவிடும். உறைந்தால் திரும்ப உடம்புக்குள் விட முடியாது. டெக்னீஷியன் என் கணவருடைய இயந்திரத்தின் பம்பைத் திறந்து, அதில் ஒரு சின்னக் கைப்பிடியைச் செருகி, என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். "இந்த அம்புக்குறி பக்கமாகச் சுற்றுங்கள். நிதானமாக. நிறுத்தக் கூடாது. மேலே குமிழி தெரிந்தால் கத்துங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினார்.

சுற்றினேன். தையல் மெஷினைக் கையால் ஓட்டுவது போலத்தான் இருந்தது. குழாயில் சிவப்பு நகர்ந்தது. என் கை நகர்ந்தால் நகர்ந்தது. குழாய் சூடாக இருந்தது. ஒருவருடைய உயிர் இவ்வளவு சூடாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இத்தனை வருடம் பக்கத்தில் படுத்த மனிதர்தான்.

"மணி என்னாச்சு?" என்றார்.

"அஞ்சு ஆகல" என்றேன்.

"எதுக்குப் பொய் சொல்ற? ஒன் தலைக்கு மேலதான் கடிகாரம் இருக்கு."

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. குழாயிலிருந்து கண்ணை எடுக்கவும் பயம், அந்த முள்ளைப் பார்க்கவும் பயம்.

"விடு. நீ சுத்து" என்றார்.

ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டபோது என் விரல்களைக் கைப்பிடியிலிருந்து நர்ஸ்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். அதன்பிறகுதான் அழுதேன்.

மறுநாள், எதற்கென்றே தெரியாமல், அந்த அலுவலகத்துக்குப் போனேன். கதவில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. கணினி இயங்காத நாட்களில் கடைசித் தேதி முடிந்தவர்கள் மேலும் ஒரு வாரத்துக்குள் விண்ணப்பிக்கலாம். திங்கள் மாலையே முடிவு செய்துவிட்டார்களாம். பிரிண்ட் எடுப்பதற்கு லைட் இல்லையாம். அந்தக் குமாஸ்தாவுக்கும் அன்று காலையில்தான் தெரியும். நான் அங்கேயே நின்று சிரித்தேன். சிரிப்பா அழுகையா என்று அவருக்கும் விளங்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

இதற்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் கடைசித் தேதியும் சிகிச்சை நாளும் ஒன்றாக வந்தால், சிகிச்சைக்குப் போங்கள். தேதியை நீட்ட எங்கேயாவது ஒரு மேஜையில் யாராவது இருப்பார்கள்.

அந்த ஒரு வாரத்துக்குள் ரசீது வாங்கினோம். முடிவு வர ஒன்றரை வருடம் ஆனது. முதுகு அடிக்குக் கொடுத்த மருந்தால் வந்த பாதிப்பு, ஆகவே பணியால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவர் படித்துவிட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"எந்தத் தேதி வரைக்கும்னு காணோமே?"

"ஆயுள் முழுவதும்னு போட்டிருக்குங்க."

"அப்ப சரி" என்று சிரித்தார். "நாளைக்குச் செவ்வா. சீக்கிரம் எழுப்பிவிடு."

அதன்பிறகு நாங்கள் இரண்டு மூன்று நாளுக்கு அப்பால் எதையும் பேசியதில்லை. செவ்வாயிலிருந்து வெள்ளி, வெள்ளியிலிருந்து செவ்வாய். நான்கு கோடை அப்படி இருந்தார். ஒவ்வொரு கோடையிலும் லைட் போனது.

இப்போது அவர் இல்லை. நான் அதே மாடியில்தான் இருக்கிறேன். லைட் போனால் கீழ் வீட்டில் மெழுகுவத்தி தேடுகிறார்கள். நான் எழுந்து நின்றுவிடுகிறேன். வலது கை தானாக முன்னால் போகிறது. அதன்பிறகுதான், சுற்றுவதற்கு எதுவும் இல்லை என்பது தெரிகிறது.