மகேஸ்வரி மூடிய பள்ளம்

உப்பூரணி விலக்கில் இருந்த பள்ளத்தில் ஒரு யானை இறங்கி நின்றால் காது மட்டும்தான் வெளியே தெரியும். சரி, யானை என்பது கொஞ்சம் கூடுதல்தான். எந்த யானையையும் அதில் இறக்கி யாரும் அளந்து பார்க்கவில்லை. ஒரு கன்றுக்குட்டி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மகேஸ்வரியின் வீட்டுக்காரர் காளிராஜ், பரமக்குடியில் விலை படியாத மிளகாய் மூட்டையை மொபெட்டில் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தவர், பொழுது மங்கும் நேரத்தில் அதற்குள் விழுந்தார், எழுந்திருக்கவில்லை என்பதில் கூடுதலும் இல்லை, குறைச்சலும் இல்லை.

குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் அது. தோண்டியவர்கள் போனார்கள், குழாய் வரவே இல்லை. அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பள்ளத்துக்கு முன்னால் ஒரு சவுக்குக் கம்பை நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். துணியை ஆடு தின்றது. கம்பை யாரோ பந்தலுக்குப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். எச்சரிக்கை ஏற்பாடு அத்தோடு நிறைவு பெற்றது.

காவல் நிலையத்தில் எழுதியதைக் கேட்டபோதுதான் மகேஸ்வரிக்கு அழுகையே நின்றது. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வாகனத்தை ஓட்டி, தனக்குத் தானே மரணம் விளைவித்துக்கொண்டார்.’

காளிராஜின் மொபெட் எதிர்காற்றில் போகும்போது, பக்கத்தில் நடந்து வருகிறவர் குடும்ப நலம் முழுக்க விசாரித்துக்கொண்டே கூட வரலாம். அதில் மூட்டை வேறு. அந்த வண்டிக்கு அதிவேகம் என்ற பட்டத்தை அரசாங்கத்தைத் தவிர வேறு யாரும் கொடுத்திருக்க முடியாது.

“என்ன சார் இப்பிடி எழுதிருக்கீங்க? குழியப் பத்தி ஒரு வார்த்தையுங் காணோமே?” என்று கேட்டாள்.

“எல்லாத்துக்கும் இப்பிடித்தாம்மா எழுதுறது. செத்தவருக்கு இதுனால என்ன ஆயிறப் போகுது?” என்றார் ஏட்டு.

செத்தவருக்கு ஒன்றும் ஆகாது. இருக்கிறவளுக்கு ஆயிற்று. தன் சாவுக்குத் தானே குற்றவாளி என்று அவர் பெயரில் கிடக்கும் அந்த வரியை அடிக்க வேண்டும். மகேஸ்வரிக்கு வேண்டியது அதுதான்.

அதற்குள் பதினாறாம் நாள் வந்தது. காரியத்துக்கு வந்த சொந்தபந்தம், செத்தவர் பெயரில் என்ன தர்மம் செய்யலாம் என்று பேசிக்கொண்டிருந்தது. கோவிலுக்குக் குத்துவிளக்கு வாங்கலாம் என்றார் அவளுடைய அண்ணன் வீரையா.

“விளக்கெல்லாம் வேணாண்ணே. அவரு பேருல அந்தக் குழிய மூடுங்க. இன்னொருத்தி தாலி அதுக்குள்ள விழ வேணாம்.”

டிராக்டரில் சரளை வந்தது. ஊரே திரண்டு சூடம் கொளுத்தியது. முதல் சட்டி மண்ணை மகேஸ்வரி போட்டாள். அரசாங்கத்தால் ஆகாத வேலை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தது.

மூடிய நாலாம் நாள் அதே இடத்தில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் நின்றது. வைத்தவர் ராம்குமார். அடுத்த தேர்தலில் எப்படியும் நிற்கப் போகிறவர், எந்தக் கட்சியில் என்பதுதான் முடிவாகவில்லை. ‘உயிர்ப்பலி வாங்கிய பள்ளத்தை மூடித் தந்த பொறியாளர் அவர்களுக்கு நன்றி! நன்றி!’ ராம்குமார் போர்த்திய பொன்னாடையோடு சாலைத் துறைப் பொறியாளர் கும்பிட்டபடி சிரித்தார். அவரைவிடப் பெரிதாக ராம்குமார் சிரித்தார். மூடியவர்களின் பெயரைப் போட இடம் போதவில்லை போலிருக்கிறது.

ஊர் பார்த்துவிட்டுப் போனது. ஒரு மாதத்தில் காற்று அதைச் சாய்த்தது.

சாலைத் துறை மேல் மகேஸ்வரி போட்ட வழக்கை எடுத்துக்கொண்டவள் கீழக்கரை வக்கீல் சுஹா. சின்ன வயசு, பெரிய பொறுமை. முதல் முறை இடத்தைப் பார்க்க வந்தவள் ரோட்டில் மேலும் கீழும் நடந்தாள்.

“பள்ளம் எங்கக்கா?”

“மூடிட்டோம், வக்கீலம்மா.”

“யாரு மூடுனது?”

“நாந்தேன்.” இதைச் சொல்லும்போது மகேஸ்வரியின் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சுஹா நெற்றியில் கை வைத்தாள். “யா அல்லாஹ்! கேஸுக்கு இருந்த ஒரே சாட்சி அதுதானேக்கா. அதுக்கு நீங்களே சூடம் காட்டி அடக்கம் பண்ணிட்டீங்களே!”

விபத்தன்று எடுத்த படங்களாவது உண்டா என்று தேடினார்கள். ஊரில் கைபேசி வைத்திருந்த அத்தனை பேரும் எடுத்திருந்தார்கள். காளிராஜை எடுத்திருந்தார்கள், சிதறிய மிளகாயை எடுத்திருந்தார்கள், ஆம்புலன்ஸை எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்திருந்தார்கள். பள்ளத்தை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அது எங்கே போய்விடப் போகிறது?

சாலைத் துறையின் பதில் கோர்ட்டுக்கு வந்தது. அந்தச் சாலையில் பள்ளமே கிடையாது. இருந்திருந்தால் அதை நாங்கள் தோண்டவில்லை. தோண்டியிருந்தால் எச்சரிக்கை வைத்திருந்தோம். எச்சரிக்கை இல்லாவிட்டாலும் அவர் பார்த்து வந்திருக்க வேண்டும். இல்லாத பள்ளத்தைப் பார்த்து வருவது எப்படி என்று மட்டும் அதில் சொல்லியிருக்கவில்லை.

சுஹா மறுபடி ஊருக்கு வந்து சாட்சிகளை விசாரித்தாள். ஒருவர் இடுப்பளவு என்றார். இன்னொருவர் கிணறு என்றார். வீரையா எழுந்து நின்று, “ஒரு யானைய எறக்கலாம் தாயி!” என்றார்.

“அண்ணே, கோர்ட்டுல யானையக் கொண்டு வந்துறாதீங்க. கேஸ் மிதிபட்டுப் போயிரும்” என்று கும்பிட்டாள் சுஹா.

அந்த நேரம் பார்த்துக் கோடைமழை பிடித்துக்கொண்டது. ஆளாளுக்கு ஓட, சுஹா பக்கத்தில் இருந்த மகேஸ்வரியின் ஆட்டுக்கொட்டகைக்குள் நுழைந்தாள். ஆடுகளுக்கு நடுவே நின்று, தலையில் சொட்டுகிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். கூரையிலிருந்து பொறியாளர் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா! இங்கன வாங்க! இது யாரு?”

“அதுவா? ரோட்டுல சாஞ்சு கெடந்துச்சு. மழைக்கு ஆகும்னு எடுத்தாந்து போட்டேன்.”

சுஹா பார்த்தது சிரிப்பை அல்ல. கீழே ஓரத்தில் இரண்டு சிறிய படங்கள் இருந்தன. ஒன்றில் ‘பின்பு’ என்று போட்டு மூடிய ரோடு. மற்றதில் ‘முன்பு’ என்று போட்டு, வாய் பிளந்த பள்ளம். அதன் விளிம்பில் ராம்குமாரும் பொறியாளரும். விபத்துக்கு மறுநாள் ஆய்வுக்கு வந்தவர்கள், படத்துக்காக ஆளுக்கொரு கையை நீட்டிப் பள்ளத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நாலு ஆடுகள் தினமும் பார்த்துக்கொண்டிருந்த சாட்சியம்!

இராமநாதபுரம் கோர்ட்டில் அந்த ஃபிளெக்ஸை விரித்தபோது டவாலிச் சேவகர் மூக்கைப் பொத்தினார். அரசு வக்கீல் எழுந்து, ஆட்டுப் புழுக்கையோடு கூடிய ஆவணத்தை ஏற்கக் கூடாது என்றார். புழுக்கையை உதறிவிட்டுக் காட்டும்படி நீதிபதி சொன்னார்.

கூண்டில் நின்ற பொறியாளரிடம் சுஹா கேட்டாள்.

“படத்துல இருக்கிறது நீங்கதானே?”

“நான்தான். ஆனா அத வச்சது ராம்குமார்.”

“கை உங்க கைதானே?”

“ஆமா.”

“கையால எதக் காட்டுறீங்க?”

“ரோட்ட.”

“ரோட்டுல எத?”

பொறியாளர் கூரையைப் பார்த்தார். அங்கே அவருக்கு உதவி எதுவும் இல்லை. “ஒரு… தாழ்வான பகுதி” என்றார்.

“மூடித் தந்ததுக்காக ராம்குமார் உங்களுக்குப் பொன்னாடை போத்துனாரே, அது இந்தத் தாழ்வான பகுதிக்குத்தானா?”

கோர்ட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நீதிபதி எழுதிக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு நாளன்று சுஹா வெளியே வந்து வாசித்துக் காட்டினாள். பள்ளத்தை மூடாமல் விட்டது துறையின் கவனக்குறைவு. நஷ்டஈடு தர வேண்டும். துறை மதுரைக்கு மேல்முறையீட்டுக்குப் போகப் போவதாக அரசு வக்கீல் அப்போதே சொல்லிவிட்டார். பள்ளத்தை மூடுவதில் இல்லாத சுறுசுறுப்பு.

“போகட்டும். அவரப் பத்தி என்ன போட்டுருக்கு?” என்று கேட்டாள் மகேஸ்வரி.

“‘இறந்தவர் அதிவேகமாகவோ அஜாக்கிரதையாகவோ ஓட்டினார் என்பதற்கு ஆதாரம் இல்லை. அவர் மீது தவறில்லை.’”

“இன்னொருக்கா வாசிங்க.”

வாசித்தாள். மகேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கோர்ட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் வீரையாவைச் சுற்றி அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. கூண்டுக்குள் பூட்டி வைத்திருந்த யானையை அவர் அவிழ்த்து விட்டிருந்தார்.

“நம்புனா நம்புங்கப்பா. ஒரு யானை எறங்குனா காது மட்டுந்தேன் தெரியும். அம்புட்டுப் பள்ளம்!”

மகேஸ்வரி டீயைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னாள்:

“யானையெல்லாம் இல்லண்ணே. என் முழங்காலுக்குத்தேன் இருந்துச்சு. மண்ணு போடுறதுக்கு முந்தி நான் எறங்கி நின்னு பாத்தேன்.”